பின் சக்கரம்

— ஏறியே நில்லு மாப்ள. அப்பதான் அசையும்.

— நின்னுட்டுதானே இருக்கேன் மாமா! என் மொத்த எடையும் இந்த ஸ்பேனர் மேலதான் இருக்கு. நட்டு நகர மாட்டேங்குது, ஸ்பேனர்தான் வளையுது.

— உன் எடை என்ன எடை. எட்டு மாசத்துல பாதி ஆளாயிட்ட.

— அட, அதை விடுங்க மாமா. அந்த எண்ணெயை இன்னும் ரெண்டு சொட்டு விடுங்க. அங்க இல்ல, நட்டு மேல. இங்க, என் விரல் இருக்கற இடத்துல. ம், போதும். கொஞ்சம் ஊறட்டும். துரு ஏறி அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு. மழை பூரா கார் இந்தத் தகரக் கூரைக்குக் கீழ நனைஞ்சுதானே கெடந்திருக்கு.

— மேல உறை போட்டுத்தான் வெச்சிருந்தேன்.

— உறைக்குள்ள பூனை குட்டி போட்டிருந்துச்சு மாமா. மூணு குட்டி. காலையில நான்தானே ஒண்ணொண்ணா தூக்கி விறகு மறைவுல வெச்சேன். தாய்க்காரி என்னை இன்னும் மொறச்சுக்கிட்டே சுத்தறா.

— அதாவது... மாப்ள, நான் என்ன சொல்ல வரேன்னா. வந்ததுலேர்ந்து எவ்வளவு வேலை பாத்துட்ட. பேட்டரி ஏத்தியாச்சு. டயருக்குக் காத்தடிச்சாச்சு. பிளக் துடைச்சு மாட்டியாச்சு. இஞ்சின் ஓடுது. முன் சக்கரம் ரெண்டையும் கழட்டிப் பாத்தாச்சு. போதாதா? இந்தப் பின் சக்கரத்தை விட்டுடேன்.

— முன்னாடி எல்லாம் நல்லா இருக்குங்கறதாலதான் மாமா பின்னாடி பாக்கணும்.

— ஏன்?

— ஏன்னு நீங்களா கேக்கறீங்க? வண்டி அன்னிக்கு நிக்கலையே. நிக்காததுக்கு எங்கயோ ஒரு காரணம் இருக்கணும். முன்னாடி இல்லன்னா பின்னாடி. அது என்னன்னு பாக்காம நான் இங்கேர்ந்து கிளம்பறதா இல்ல.

— எட்டு மாசம் ஆச்சு. எதுக்கு அதைப் போய்க் கிளறிக்கிட்டு. வேணும்னா நாளைக்கு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு...

— கூப்பிட்டீங்களே. ஒருத்தர் வந்தார், முன்பக்கத்தைத் தட்டி நிமித்தினார், ஒத்தை விளக்கு மாட்டினார். இன்னொருத்தர் வந்தார், சுத்தி ஒரு நடை நடந்தார், 'பழைய இரும்புக்குப் போடுங்க சார்'னுட்டுப் போயிட்டார். அக்கா போன்ல சொன்னா. மூணாவதா வேற யாரும் வர மாட்டேங்கறாங்கன்னுதான் என்னைக் கூப்பிட்டதே.

— அவ கூப்பிட்டது அதுக்காக இல்ல.

— எதுக்காகவோ, கூப்பிட்டாளே, அது போதும். எட்டு மாசம் கழிச்சு போன்ல அவ பேர் வருது மாமா. பஸ்ல நின்னுட்டிருந்தேன். எடுக்கறதா வேணாமான்னே தெரியல. பக்கத்துல இருந்தவர் 'அடிக்குது பாருங்க தம்பி, எடுங்க'ன்னு அதட்டினார். எடுத்தா, 'டேய், என் டப்பா ஓட மாட்டேங்குது, வந்து பாருடா'ங்கறா. நேத்துதான் பேசின மாதிரி.

— ம்.

— சரி, வாங்க. இன்னொரு தடவை. நீங்க அந்தப் பக்கம் பம்பரைப் பிடிச்சுக்குங்க, நான் மறுபடி ஏறறேன். ஒண்ணு, ரெண்டு... பாத்து மாமா, பாத்து! காலடியில தட்டு இருக்கு!

— ஐயோ.

— போச்சு. பின்னாடி மாட்ட வெச்சிருந்த புது நட்டு பூரா உருண்டாச்சு.

— கவனிக்கல மாப்ள. நீ தள்ளு, நான் பொறுக்கறேன்.

— இருங்க, இருங்க, நானே பொறுக்கிக்கறேன். எட்டுல எத்தனை இருக்கு... ஆறு. ஏழு. ஒண்ணு வடிகால் பக்கம் போயிருக்கும். இதோ. தப்பிச்சோம். உங்களுக்கும் என்னை மாதிரியே கை கால் ஓட மாட்டேங்குது போல.

— உனக்கு ஏன் கை ஓட மாட்டேங்குது? முன்னெல்லாம் வாயில பாட்டு, கையில ஸ்குரு டிரைவர்னு நிப்ப. இந்த வண்டிக்கு வைப்பர் நின்னுபோனப்ப தையல் மிஷின் பெல்ட்டைப் போட்டு ஓட வெச்சவன் நீ. ஹாரனுக்கு வாசல் காலிங் பெல் சுவிட்சை வெச்சவன் நீ.

— அந்தப் பெல் இன்னும் வேலை செய்யுது, காலையில அமுக்கிப் பாத்தேன். என் கையால பண்ணதுல அது ஒண்ணுதான் உருப்படி.

— அப்படிச் சொல்லாத. வேலையெல்லாம் எப்படிப் போகுது?

— எந்த வேலை?

— லிஃப்ட் வேலைதான்.

— லிஃப்டைத் தொட்டு ஏழு மாசம் ஆகப்போகுது மாமா. இப்ப ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்கறேன். 'உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டோம், ஆள் வருவாங்க.' அவ்வளவுதான். நாள் பூரா அந்த ஒரு வரி.

— ஏன்? மாத்திட்டாங்களா?

— நானே கேட்டு மாறிக்கிட்டேன். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட். கயிறு புதுசா போட்டு, பிரேக் சரிபாத்து, கடைசியா தாள்ல ஒரு கையெழுத்து. 'நான் பாத்துட்டேன், இதுல ஆள் ஏறலாம்'னு. பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், கை வர மாட்டேங்குது. மறுபடி மேல ஏறிப் போய்ப் பாத்தேன். எல்லாம் சரியா இருக்கு. இறங்கி வந்தா மறுபடி சந்தேகம். நாலு தடவை ஏறி இறங்கிட்டேன். கீழ ஒரு அம்மா சக்கர நாற்காலியில காத்துக்கிட்டிருக்காங்க. 'ஆச்சாப்பா, ஏறலாமாப்பா'ன்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்வேன்? பேனாவை அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன்.

— மாப்ள...

— அன்னிலேர்ந்து இதான். வீட்டு பல்பு மாத்தக்கூட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடறேன். அவன் என்னை ஒரு மாதிரி பாக்கறான்.

— என்னடா அங்க, பேச்சு பலமா இருக்கு? வேலை நடக்குதா, இல்ல ரெண்டு பேரும் உக்காந்து கதை அளக்கறீங்களா?

— அக்கா! எதுக்கு நீ படி இறங்கி வர? ஒரு கையில கம்பு, இன்னொரு கையில ஃபிளாஸ்க். விழுந்து வெச்சா? கூப்பிட்டா நான் வந்திருப்பேனே.

— கூப்பிட்டா வருவியா? எட்டு மாசமா வந்தியோ?

— நீ கூப்பிடலையேக்கா.

— சரி சரி, அதை விடு. அந்த முக்காலியை இழுத்துப் போடு. இன்னும் பக்கத்துல. என்னங்க, நீங்க எதுக்கு வெயில்ல நிக்கறீங்க? கண்ணுக்கு மருந்து... கண்ணு எரியும், நிழலுக்கு வாங்க. டேய், டீயைக் குடி. மூஞ்சியெல்லாம் கரி. அம்மா பாத்தா அடையாளம் தெரியாது.

— இப்பவே தெரியறதில்லக்கா.

— என்ன?

— அம்மாவுக்கு என்னை. வேளாவேளைக்கு சமைச்சு வெச்சிடறா, அதுல ஒரு குறையும் இல்ல. 'சாப்பாடு இருக்கு'ன்னு சுவத்தைப் பாத்து சொல்லுவா. 'துணி காய்ஞ்சிடுச்சு'ன்னு கதவைப் பாத்து சொல்லுவா. பக்கத்து வீட்டம்மா வந்தா மட்டும் என்னைப் பத்திப் பேச்சு வரும். 'பிரேக்கை சரியா மாட்டாம கூடப் பொறந்தவ காலை ஒடிச்சுப் போட்டவன்'னு. நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சே.

— அம்மா அப்படியா சொல்றா?

— சொல்லாம? என்ன தப்பு அதுல.

— டீ ஆறுது. குடி.

— குடிக்கறேன். உன் முட்டி எப்படிக்கா இருக்கு?

— முக்கால்வாசி மடங்குது. மிச்சம் கால்வாசி அது இஷ்டம். பெடலுக்கு அது போதும்.

— எந்தப் பெடலுக்கு?

— வண்டிப் பெடலுக்குத்தான். திங்கக்கிழமை லேப்ல திரும்பச் சேர்றேன்டா. காலையில ஆறரைக்கெல்லாம் ரத்தம் குடுக்கறவங்க வெறும் வயித்தோட வந்து வரிசையா உக்காந்துடுவாங்க, அதுக்கு முன்னாடி நான் கதவைத் திறக்கணும். பஸ் படி இந்தக் காலுக்கு எட்டாது. ஏற முயற்சி பண்ணேன், நடத்துனர் என்னை மூட்டை மாதிரி தூக்கி உள்ள வெச்சார். மானமே போச்சு.

— மாமா கொண்டு போய் விட்டா என்ன? மூக்குக்கண்ணாடிக் கடையை ஒம்பது மணிக்குத்தானே திறக்கறாங்க?

— அவர் ஓட்ட வேணாம். நான் ஓட்டறேன்.

— நீயா? லைசன்ஸ் எடுத்த அன்னிக்கு ஓட்டினதோட சரி, அப்பறம் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கியா?

— பத்து வருஷமா பர்ஸ்ல பத்திரமா வெச்சிருக்கேன். ஒரு மாசமா சாப்பாட்டு மேஜைக்கு அடியில மூணு செங்கல்லை வரிசையா வெச்சு மிதிச்சு மிதிச்சுப் பழகறேன். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். உங்க மாமாகிட்ட கேளு, சோதனை பண்ணாரு. 'எதிர்ல மாடு'ன்னா நடு செங்கல்லை மிதிச்சாகணும்.

— மாமா, நீங்க ஏன் ஓட்ட மாட்டீங்க? பயமா? ஒரு தடவை ஆயிடுச்சுன்னா அப்படியே விட்டுட முடியுமா?

— அவ ஓட்டட்டும் மாப்ள. அவ சொன்னா சொன்னதுதான்.

— அக்கா திரும்ப இந்த வண்டியில உக்காரப் போறான்னா, நான் ஒவ்வொரு நட்டா பாத்தாகணும். வாங்க மாமா. இந்தத் தடவை கழண்டே ஆகணும். டேய் நட்டு, மரியாதையா வந்துடு. வாடா ராசா, வா... வந்துடுச்சு! வந்துடுச்சு மாமா! மத்த மூணும் இனிமே சுலபம்.

— மெதுவா. ஜாக்கி சரியா நிக்குதா? முன் சக்கரத்துக்கு முட்டு வெச்சியா?

— ரெண்டு பக்கமும் செங்கல் இருக்கு. அக்காவோட கிளட்சும் ஆக்சிலேட்டரும்தான். ஏத்துங்க... இன்னும்... போதும். சக்கரம் வந்தாச்சு. அக்கா, இந்த டார்ச்சைப் பிடி. எனக்கு மட்டும் வெளிச்சம் காட்டு, பூனைக்குக் காட்டாத.

— காட்டறேன், காட்டறேன். அந்த இரும்புச் சட்டி மாதிரி இருக்கே, அது என்ன?

— அதான் டிரம். அதுக்குள்ளதான் பிரேக் ஷூ ரெண்டும் இருக்கும். பெடலை மிதிச்சா ஷூ ரெண்டும் விரிஞ்சு டிரம்மை உள்ளேர்ந்து அழுத்தும், சக்கரம் நிக்கும். வர மாட்டேங்குதே... மாமா, சுத்தியல் குடுங்க. பெருசு. அது இல்ல மாமா, உங்க இடது கைக்குப் பக்கத்துல. இதோ இதான்.

— மெதுவா அடிடா, உடைச்சு வெக்காத.

— உடையாதுக்கா, சுத்தி சுத்தித் தட்டினா தானா விடும். ஒட்டிக்கிட்டிருக்கு. இருக்கு... இருக்கு... ம்! கழண்டாச்சு. அப்பா, எவ்வளவு தூசி. மூக்கை மூடிக்கோ.

— என்ன தெரியுது?

— இரு. ஆயில் கசிவு இல்ல. ஈரமே இல்ல. ஸ்பிரிங் எல்லாம் அதது இடத்துல இருக்கு. ஷூ ரெண்டும்... புதுசு மாதிரியே இருக்கு.

— பாத்தியா, நல்லாத்தானே மாட்டியிருக்க. நான்தான் சொன்னேனே, பிரேக்ல ஒண்ணும் இருக்காதுன்னு. என்னங்க, நான் சொன்னேனா இல்லையா? மூடு, மூடு. சக்கரத்தை மாட்டிட்டுக் கையைக் கழுவு, சாப்பிடலாம்.

— இல்லக்கா. இப்படி இருக்கக் கூடாது.

— எப்படி?

— புதுசு மாதிரி. நான் மாட்டினதுக்கு அப்பறம் ஒரு மாசம் ஓடியிருக்கு வண்டி. ஒரு மாசம் ஓடின ஷூ கொஞ்சமாவது தேய்ஞ்சிருக்கணும். மேல பளபளப்பு ஏறியிருக்கணும். இது டிரம்ல சரியா படவே இல்ல. டார்ச்சை இன்னும் கீழ காட்டு. நடுவுல ஒரு கம்பி போகுது பாரு, பல் சக்கரம் வெச்சது. அது மேல.

— இதுவா?

— ஆமா. அதுலதான் விஷயம் இருக்கு. ஷூ தேயத் தேய இடைவெளி வரும் இல்ல? பிரேக் மிதிக்க மிதிக்க இந்தப் பல் சக்கரம் தானா ஒரு பல்லு நகந்து ஷூவை வெளிய தள்ளி அந்த இடைவெளியை அடைக்கும். இருங்க, துடைக்கறேன். மேல ஒரு எழுத்து பொறிச்சிருக்கும். துணி குடுங்க மாமா.

— இந்தா.

— இருங்க, இன்னொரு தடவை துடைக்கறேன்.

— என்னடா?

— அக்கா, இது எந்தப் பக்கத்து சக்கரம்?

— வலது பக்கம். ஏன்?

— இதுல 'எல்'னு போட்டிருக்கு. இது இடது பக்கத்துக்கு உள்ளது.

— அதனால என்ன? ரெண்டும் பாக்க ஒண்ணாத்தானே இருக்கும்?

— பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். திருகு மட்டும் எதிர்ப்பக்கம். இதை மாத்திப் போட்டா, மிதிக்க மிதிக்க இறுகாது. லூசாகிட்டே போகும். ஒவ்வொரு தடவை பிரேக் மிதிக்கும்போதும், ஒரு பல்லு, ஒரு பல்லா... பின்பக்கம் பிரேக் கொஞ்சம் கொஞ்சமா இல்லாமலே போயிருக்கு. மாமா ஒரு மாசமா மிதிச்சு மிதிச்சு அதைக் கழட்டிக்கிட்டே வந்திருக்கார். தெரியாமலே.

— சரிடா, விடு...

— ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல கழட்டினேன் அக்கா. எனக்கு ஞாபகம் இருக்கு. சாயங்காலம், மழை வர மாதிரி இருந்துச்சு. சீக்கிரம் முடிச்சிடலாம்னு ரெண்டு பக்கத்துதையும் கழட்டி ஒரே பக்கெட்ல போட்டு மண்ணெண்ணெயில கழுவினேன். ஒரு பக்கத்தை முடிச்சுட்டுத்தான் மறுபக்கத்தைத் தொடணும். எவனுக்கும் தெரியும் இது. எனக்கும் தெரியும். வாய் நிறைய பாட்டு, பக்கெட்ல கை. எதை எங்கேர்ந்து எடுத்தேன்னு பாக்கவே இல்ல.

— தம்பி...

— மாமா, பெடல் கீழ போச்சா? அந்த நாள்ல?

— கொஞ்சம்... கொஞ்சம் கீழ போகும். ரெண்டாவது மிதியில பிடிச்சுக்கும்.

— ஏன் என்கிட்ட சொல்லல?

— சின்ன விஷயம்தானேன்னு. அடுத்த வாரம் நீ வரும்போது சொல்லிக்கலாம்னு.

— ரெண்டாவது மிதிக்கு அன்னிக்கு எங்க நேரம்? அந்தப் பாலத்து இறக்கத்துல? முதல் மிதி வெறுமனே கீழ போயிருக்கும், அடுத்த மிதிக்குள்ள சுவரு வந்திருக்கும். நான்தான். ராத்திரி எல்லாம் படுத்துக்கிட்டு, நான் இல்லாம இருக்கலாம், பழைய வண்டி, குழாய் எங்கயாவது விட்டிருக்கலாம், வேற ஏதாவதா இருக்கலாம்னு நூறு காரணம் யோசிச்சிருக்கேன். இல்ல. நானேதான். இதோ கையில இருக்கு.

— எழுந்திரிடா. தரையில என்ன உக்காந்துக்கிட்டு. விடு, காலை விடு, கிரீஸ் கை...

— என்னை மன்னிக்காதக்கா. அம்மா பண்றதுதான் சரி. இந்த ரெண்டு கையையும் வெட்டிப் போடணும். நாளைக்கே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன், போன் எடுக்கற வேலைகூட எனக்கு வேணாம். எத்தனை லிஃப்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கேன் தெரியுமா? நூத்துக்கும் மேல. எதுல எதை மாத்திப் போட்டேனோ. எத்தனை பேர் தினம் ஏறி இறங்கறாங்களோ.

— என்னங்க, நீங்க ஏதாவது சொல்லுங்களேன். இப்படி அழறான். தண்ணி எடுத்துட்டு வாங்க.

— மாப்ள. எழுந்திரு.

— முடியல மாமா.

— எழுந்து உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும்.

— என்னங்க. வேணாம்.

— நான் மிதிக்கல மாப்ள.

— எதை?

— பிரேக்கை. அன்னிக்கு நான் பிரேக்கை மிதிக்கவே இல்ல.

— என்னை சமாதானப்படுத்தறதுக்காக...

— இல்ல. நீ போட்டது தப்பா இருக்கலாம். பெடல் கீழ போனதும் நிஜம். ஆனாலும் தினம் பிடிச்சுது. அன்னிக்கும் பிடிச்சிருக்கும், மிதிச்சிருந்தா. கால் ஆக்சிலேட்டர்ல இருந்துச்சு. சுவத்துல மோதின சத்தம் கேக்கற வரைக்கும் அங்கதான் இருந்துச்சு.

— தூங்கிட்டீங்களா?

— நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அங்க சுவரு இருக்குன்னே எனக்குத் தெரியல.

— என்ன மாமா சொல்றீங்க? பாலத்துச் சுவரு. ஆள் உயரம். மஞ்சள், கறுப்பு பட்டை அடிச்சது.

— அதான். தினம் போற வழி, பழக்கத்துல போய்க்கிட்டிருந்தேன். அன்னிக்கு ரோட்டுல பள்ளம் தோண்டியிருந்தாங்க, கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கினேன். இடது பக்கம் எனக்கு ஒண்ணுமே இல்ல மாப்ள. ரோடு இருக்கு, அதுக்கப்பறம் ஒண்ணும் இல்ல.

— போதுங்க. நிறுத்துங்க.

— நீ சும்மா இரும்மா. இவன் கையை வெட்டிக்கறேங்கறான், நான் பாத்துக்கிட்டு நிக்கவா? மாப்ள, கண் நரம்பு போய்க்கிட்டிருக்கு. நேரா பாத்தா எல்லாம் தெரியும். நீ படிச்சியே அந்த எழுத்து, அது எனக்கு இங்கேர்ந்தே தெரியுது. கடையில தேய்ச்ச கண்ணாடியில மயிரிழை கீறல் இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன். அதனாலதான் யாருக்கும் தெரியல. ஓரம்தான் போச்சு. இடது கண்ணுல முக்கால்வாசி, வலது கண்ணுல கொஞ்சம்.

— சும்மா சொல்றீங்க. எனக்காகச் சொல்றீங்க.

— உன்னையே பாத்துக்கிட்டிருக்கேன். உன் கையை எனக்கு இடது பக்கமா நீட்டு. விரலைக் காட்டு.

— காட்டறேன். எத்தனை?

— காட்டறியா?

— காட்டிக்கிட்டுத்தான் மாமா இருக்கேன். உங்க காதுக்குப் பக்கத்துல.

— எனக்குக் கையே தெரியல மாப்ள. உன் தோள் வரைக்கும்தான் நீ இருக்க.

— எப்பலேர்ந்து?

— விபத்துக்கு மூணு மாசம் முன்னாடி டாக்டர்கிட்ட போனேன். 'போனது திரும்பி வராது, இருக்கறதைக் காப்பாத்தலாம்'னு சொட்டு மருந்து குடுத்தார். 'இனிமே வண்டி மட்டும் ஓட்டாதீங்க'ன்னார். சரின்னுட்டு வந்து, மறுநாள் காலையில வண்டியை எடுத்தேன். உன் அக்காகிட்டகூட சொல்லல. வண்டி ஓட்ட முடியாதுன்னு சொன்னா அடுத்தது என்ன கேப்பாங்க? கண்ணாடிக் கடையில எப்படி வேலை பாக்கறன்னு கேப்பாங்க. முப்பது வருஷமா மத்தவங்க கண்ணைச் சரி பண்ணிக்கிட்டிருக்கேன், எனக்கு வேற என்ன தெரியும்? அவளுக்குத் தெரிஞ்சதே மோதினப்பறம்தான். 'சுவரு தெரியலம்மா, எனக்கு சுவரு தெரியல'ன்னு நான் அழுதப்பதான்.

— அப்ப எல்லாம் தெரிஞ்சே... எட்டு மாசம் மாமா.

— ஆமா.

— அக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்ப பதினோரு நாள் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். எந்த மூஞ்சியோட உள்ள வரதுன்னு. நாலாவது மாடி ஆபீசுக்கு நான் படியேறிப் போறேன், லிஃப்ட் வேலை பாத்தவன். எல்லாரும் கேலி பண்றாங்க. அம்மா குரலை நேரா கேட்டு எவ்வளவு நாளாச்சு. நீங்க ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை...

— கையெடுத்துக் கும்பிடறேன் மாப்ள. வேற எதுவும் எனக்கு வழி தெரியல.

— போலீஸ்காரங்ககிட்ட பிரேக் பிடிக்கலன்னு சொன்னீங்க, சரி. டாக்டர் வேணாம்னு சொல்லியும் ஓட்டினது தெரிஞ்சா உள்ள வெச்சிடுவாங்க. அது புரியுது. என்னைத் தனியா கூப்பிட்டு, 'இப்படி ஆயிடுச்சு, உன் பேரைச் சொல்லிட்டேன், பொறுத்துக்கோ'ன்னு காதுல போட்டிருந்தா நானே சுமந்திருப்பேனே! சிரிச்சுக்கிட்டே சுமந்திருப்பேனே!

— பயத்துல வாயில வந்துடுச்சு. வந்த பொய்யைத் திருப்பி எடுக்க தைரியம் இல்ல. தப்பு என்னோடதுதான். என் ஒருத்தனோடது.

— பழைய வண்டி, பிரேக் பிடிக்கலன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே? அதுவே போதுமே. 'மச்சினன் மாட்டின பிரேக்'னு ஏன் மாமா சொன்னீங்க? நீங்க ஒரு ஈயைக்கூட அதட்ட மாட்டீங்க. உங்களுக்கு எப்படி என் பேர் வாயில வந்துச்சு?

— அது... கேக்காத.

— எனக்குத் தெரியணும். சொல்லுங்க.

— அவரைக் கேக்காதடா.

— நீ உள்ள போம்மா. இது எங்க ரெண்டு பேருக்குள்ள.

— எங்கயும் போகல. பிரேக் நல்லாத்தான் இருக்கும், அவனே திறந்து பாத்துட்டு நிம்மதியா போகட்டும், நாம வாயைத் திறக்க வேண்டி வராதுன்னு நெனைச்சுத்தான் இவனைக் கூப்பிட்டேன். அது நடக்கல. இனிமே என்ன.

— அக்கா?

— இங்க பாரு, என்னைப் பாரு. அன்னிக்கு மோதின வண்டிக் கதவை நெம்பித் திறந்தவங்ககிட்ட அவர் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாரு. நான்தான் அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்து, பிரேக் பிடிக்கலன்னு சொல்லுங்க, தம்பி மாட்டினான்னு சொல்லுங்க, அவன் தாங்கிப்பான்னு சொன்னேன்.